நாட்டுப்புற உடையில் ஒரு பெண்: ஓவியக் குறிப்பு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்காட்சிக் குறிப்புகள் எழுதப் பழகுகிறவர்களின் தாள்களைத் திருத்துகிறேன். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை எல்லாம் ஒரு பேனாக் கோட்டில் சரியாகிவிடும். நாங்கள் பழகிய காலத்தில் செய்த தப்பையே இவர்களும் செய்யும்போதுதான் எரிச்சல் வருகிறது. இந்த முறை கொடுத்த படம், பிரெஞ்சு ஓவியர் பால் காகின் 1889இல் வரைந்த ‘லா பெல் ஆன்ஷேல்’ (அழகி ஆன்ஷேல்).

உடையை வைத்துத் தொழிலைச் சொல்வது

பாதித் தாள்கள் “வயலில் உழைத்துக் களைத்த ஏழைப் பெண்” என்றே தொடங்குகின்றன. படத்தில் இருப்பவர் மரி ஆன்ஷெலிக் சாத்ர். பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில், பொந்தாவென் என்ற ஊரில் விடுதி நடத்தியவர். ஊரில் அழகி என்று பெயர் வாங்கியவர். களைப்பு எங்கே தெரிகிறது?

போட்டிருப்பதும் விசேஷ நாள் உடை. வெள்ளைத் தலையணியும் கஞ்சி போட்ட அகலக் கழுத்துப்பட்டையும் கல்யாணத்துக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் பெட்டியிலிருந்து வெளியே வருபவை. அதோடு யாரும் உருளைக்கிழங்கு தோண்டப் போவதில்லை.

அடுத்த வரியில் “காலங்காலமாக மாறாத உடை” வந்துவிடும். அந்த உடை அவ்வளவு செழித்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். வெல்வெட்டும் லேஸும் கைக்கெட்டும் விலைக்கு வந்த பிறகு, ஊருக்கு ஊர் தலையணி தனித்தனியாக வளர்ந்தது. 1863இல் பிரிட்டனியின் கேம்பெர் நகரம் வரை ரயில் வந்தது. பழைய உலகத்தைத் தேடி ஓவியர்கள் வந்து இறங்கினார்கள். பாரிஸில் ஓவிய வியாபாரியாக இருந்த தியோ வான் கோ இந்தப் படத்தைப் பற்றி அண்ணன் வின்சென்டுக்கு எழுதும்போது ஆன்ஷெலிக்கை இளம் பசுவோடு ஒப்பிட்டார். அந்த நகரத்துக் கண்ணையே நாமும் இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

ஒரு முறை இந்த “ஏழைப் பெண்” அச்சுக்கே போய்விட்டாள். கையேடு கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிறகு ஒருவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். சீட்டு அச்சடித்த செலவு, குறிப்புக்குக் கொடுத்த சன்மானத்தைவிட அதிகம். எழுதியவர் இன்னும் “உணர்வு சரிதானே?” என்கிறார்.

உடுத்தியிருப்பவர் யார், எந்த நாளுக்கான உடை, வரையக் கேட்டவர் யார். இந்த மூன்றும் தெரியாவிட்டால் “பிரிட்டனி உடையில் ஒரு பெண்” என்று எழுதி நிறுத்துங்கள்.

திரையில் பார்த்த நிறத்தை வர்ணிப்பது

வேண்டாம்.

பின்னணியை அவர் வீடு என்பது

பூப்போட்ட சுவருக்கு முன்னால் இருக்கும் மண்பாண்டம் பெரு நாட்டுச் சாயல் கொண்டது. காகின் சிறுவயதில் லிமாவில் வளர்ந்தவர். ஆன்ஷெலிக்கை வட்டத்துக்குள் அடைத்திருப்பது ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து வந்த பழக்கம்.

படம் ஆன்ஷெலிக்குக்குப் பிடித்திருக்கும் என்று நினைப்பது

பிடிக்கவில்லை. காகின் பரிசாகவே கொடுக்க வந்தார், ஆன்ஷெலிக் “என்ன கோரம்!” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். 1891இல் காகின் தன் படங்களை ஏலம் விட்டபோது ஓவியர் எட்கர் தெகா வாங்கினார். இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அளவு பார்க்காமல் “பிரம்மாண்டம்” என்பது

92 × 73 செ.மீ.