ஏற்காடு ஏற்றத்தில் டீசல் கார் திணறுகிறதா?

அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு என்று சேலத்துக்குள்ளேயே ஓடும் டீசல் கார், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இழுக்காமல் கரும்புகை கக்கினால், முதலில் ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பாருங்கள். அவை சரி என்றால் அடுத்தது இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடுவது இதுதான். கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் போல அப்பிக்கொண்டால் வால்வு முழுசாக மூடாது; தேவைக்கு மேல் புகை உள்ளே போய், காற்று குறைந்து வண்டி திணறும்.

என்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவ்வை எடுத்துவிட்டு வால்வைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கொஞ்சம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். மின்மோட்டார் பகுதியில் திரவம் படவே கூடாது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பவும் கூடாது. மாட்டும்போது கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு) புதிதாகப் போடுங்கள்.

இஜிஆர் வழியையே தகடு வைத்து அடைத்துவிடச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். எரியும் வெப்பம் கூடி நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாகும், அந்தப் புகையை மலையில் இருப்பவர்கள்தான் சுவாசிக்க வேண்டும். பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியென்றால் செக் என்ஜின் விளக்கும் எரியும். அதைவிட, அவ்வப்போது ஓமலூர் தாண்டி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள், கரி அவ்வளவு சீக்கிரம் படியாது.