பெங்களூரு மாடியில் குண்டுமல்லி: தழைக்கிற செடியைப் பூக்க வைப்பது எப்படி

லைலாக் (குளிர்நாட்டு வாசனைப் பூப்புதர்) கேட்டு நர்சரி நர்சரியாக ஏறி இறங்குபவர்களுக்கு முதலில் ஒன்று: பெங்களூரில் அது பூப்பது அரிது. குளிர்காலத்தில் பல வாரங்கள் 7 டிகிரிக்குக் கீழே போனால்தான் அதன் மொட்டு விழிக்கும். இங்கே டிசம்பர் விடியற்காலையில்கூட 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வாசனைப் புதர்தான் வேண்டுமென்றால் குண்டுமல்லிக்கு வாருங்கள். வளர்ப்பது எளிது; பூக்க வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

1. செடி

நர்சரியில் ‘ராமநாதபுரம் குண்டுமல்லி’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அடுக்குமல்லி பார்க்க அழகு, ஆனால் பூ குறைவு. ஊரில் பாட்டி வீட்டுச் செடி இருந்தால் அதுவே மேல். குண்டுமல்லி விதையில் வருவதில்லை, குச்சியில்தான் பெருகுகிறது. எனவே அதே செடிதான் உங்கள் மாடிக்கும் வரும். ஜூன், ஜூலையில் பாதி முற்றிய கிளையை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கீழ்க்கணு இரண்டும் மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

2. தொட்டியும் மண்ணும்

14 அங்குலத் தொட்டி. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதானால் தூளைச் சலித்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மண் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

3. வெயில், தண்ணீர்

ஆறு மணி நேர நேர்வெயில் கட்டாயம். எதிர் அபார்ட்மென்ட் மறைக்கிற பால்கனியில் இலைதான் மிஞ்சும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மட்டும் மஞ்சளாகிறதா? இரும்புச்சத்துக் குறை. போர்வெல் தண்ணீரின் உப்பால் இது அடிக்கடி வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். முடிந்தால் காவிரித் தண்ணீருக்கோ மழைநீருக்கோ மாறுங்கள்.

4. கவாத்து (கிளை வெட்டுதல்)

எல்லாம் இதில்தான். மல்லி புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை விட்டுவைத்தால் அது கொடியாக நீளும், பூ குறைந்துவிடும்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் செய்யுங்கள். ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்துச் செடியை லேசாக வாடவிட்டு, மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டுங்கள். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. மொண்ணைக் கத்தரியால் நசுக்கினால் அந்தக் கிளை மேலிருந்து காய்ந்துகொண்டே வரும். காய்ந்த, பென்சிலைவிட மெலிந்த கிளைகளை அடியோடு எடுத்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுங்கள். மொட்டைக் குச்சியாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்காதுதான். வெட்டுங்கள்.

பிறகு மேல்மண் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்து, மண்புழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் போட்டுத் தண்ணீர் விடுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும். மார்ச் வாக்கில் மொட்டு தெரியும். ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனியில் இரண்டு கணு கிள்ளிவிடுங்கள்.

5. மொட்டு ஊதாவானால்

ஊதாவான மொட்டில் ஓட்டையும் நூலாம்படையும் இருந்தால் மொட்டுப்புழு. அடிப்பகுதி வீங்கி, விரியாமலே காய்ந்தால் மொட்டு ஈ. இதன் புழு மண்ணில் விழுந்து கூடு கட்டும். எனவே அந்த மொட்டுகளைப் பறித்துத் தொட்டியில் போடாமல் வெளியே அழித்துவிடுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயுடன் சில துளி சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒருமுறை மாலையில் அடிக்கலாம்.

6. பறிப்பது

பச்சை மறைந்து பால்வெள்ளையாகப் பருத்த மொட்டை மாலை ஐந்து மணிக்குப் பறித்தால் இரவில் வீட்டுக்குள்ளேயே விரியும். ஏப்ரல், மே மாலைகளில் ஆலங்கட்டி மழை வரும்போல் இருந்தால் தொட்டியைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள். ஒரே மழையில் அந்தச் சுற்று மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும்.