லைன் எட்டாத கிணத்துக்கு மோட்டார் மாட்டுறவங்களுக்கு

திசையன்விளை, ராதாபுரம் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுறது என் தொழில். கிணறு ஒரு மூலையிலும் கரண்டுக் கம்பம் ஒரு மூலையிலும் கிடக்குற தோட்டத்துக்காரங்க, எடுத்த எடுப்புல எத்தனை ஹெச்.பி. (குதிரைத்திறன்) வாங்கலாம்னுதான் கேக்காங்க. அதுக்கு முந்தி சித்திரை வெயில்ல கிணத்துல கயிறு விட்டு தண்ணி மட்டத்தை அளங்க அண்ணாச்சி.

முப்பது மீட்டர் ஏத்தணும்னா 5 ஹெச்.பி. மோட்டார் மணிக்கு சுமார் 18,000 லிட்டர் தள்ளும். ஒரு ஏக்கர் வாழை ஆயிரம் மூடுன்னு வைங்க. சொட்டுநீர்ல மூட்டுக்கு 20 லிட்டர் விட்டாலும் நாளைக்கு 20,000 லிட்டர்தான். அப்போ 3 ஹெச்.பி.யே தாராளம். முருங்கைக்கு இன்னும் குறைச்சல். மோட்டார் சின்னதானா கேபிள், சோலார் பேனல் எல்லாச் செலவும் இறங்கும்.

கம்பத்துல இருந்துதான் இழுக்கப் போறீங்கன்னா கேபிள்ல கஞ்சத்தனம் வேண்டாம். 5 ஹெச்.பி. மோட்டார் ஏழரை ஆம்பியர் இழுக்கும். 300 மீட்டருக்கு 2.5 சதுர எம்.எம். செம்புக் கேபிள் போட்டா வழியிலேயே 25 வோல்ட்டுக்கு மேல போயிரும், 4 சதுர எம்.எம். போட்டா 16, 17 வோல்ட்டோட நிக்கும். வோல்ட் இறங்க இறங்க மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், காயில் சூடேறும்.

அதைவிட மோசம், மூணு பேஸ் கரண்டுல ஒரு பேஸ் போறது. பிரிச்சுப் பாத்தா ரெண்டு பேஸ் காயில் கரிக்கட்டையா இருக்கும், மூணாவதுல வார்னிஷ் கூட மங்கியிருக்காது. ஸ்டார்ட்டர்ல ஆம்பியர் கூடுனா நிறுத்துற ஓவர்லோடு ரிலேயும், ஒரு பேஸ் போனா நிறுத்துற சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டரும் கட்டாயம் வைங்க. ரெண்டு பேஸ்ல ஓட்டக் கன்டன்சர் மாட்டித் தர ஆளிருக்கு, தயவுசெஞ்சு மாட்டாதீங்க.

கம்பம் ரொம்பத் தூரம்னா சோலார்தான் சரி. 2019-ல வந்த பிஎம் குசும்ங்கிற மத்திய அரசு சோலார் பம்புத் திட்டத்துல, வேளாண்மைப் பொறியியல் துறை மூலமா 60 சதவீத மானியம் கிடைக்கு. 5 ஹெச்.பி.க்கு ஏறக்குறைய 5 கிலோவாட் பேனல் வேணும். தெக்குப் பாத்து, 10 முதல் 15 டிகிரி சாய்வு. அதுக்கும் கீழ படுக்க வச்சா மழைத்தண்ணி தூசியைக் கழுவாது.

இடம் குறிக்கும்போது காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் மூணு மணிக்கும் நிழல் பாருங்க. ஒத்தப் பனை நிழல் ஒரு பேனல் மேல விழுந்தாப் போதும், அந்த வரிசையே சோந்து போகும். ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு தெரியும்லா. ஒவ்வொரு காலுக்கும் கான்கிரீட் குழி எடுங்க. தேரி மணல்னா, அதான் செம்மணல் மேடுன்னா, இன்னும் ஆழமா. வைகாசி முடியுமுன்ன போல்ட்டு எல்லாத்தையும் ஒருதரம் முடுக்கிருங்க.

பேட்டரி வாங்கச் சொன்னா வேண்டாம்னுருங்க. அந்தக் காசுல மேட்டுல ஒரு தொட்டி கட்டி, வெயில் நேரத்துல நிரப்பி, பொழுது சாயப் பாய்ச்சுங்க. பேனலைக் கழுவுறது விடியக்காலம்தான். கொதிக்குற கண்ணாடி மேல பச்சைத்தண்ணி ஊத்துனா விரிசல் விடும்.