திறந்த பைப் புகையிலை: காய்வதைவிடப் பூசணம்தான் பெரிய கேடு

புது டின்னைத் திறக்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். காற்றை உறிஞ்சி மூடிய டின்னுக்குள் வெளிக்காற்று புகும் சத்தம் அது. அந்த நொடியிலிருந்து இலை காயத் தொடங்குகிறது. மூடியைத் திரும்ப அழுத்தி வைத்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த மூடியை இறுக்கிப் பிடித்திருந்ததே உள்ளே இருந்த வெற்றிடம்தான். அது போனபின் மூடி வெறும் தட்டு. 50 கிராம் டின்னை ஓரிரு வாரத்தில் முடித்துவிடுபவர்களுக்குக் கவலையில்லை. மெதுவாகப் புகைப்பவர்கள் அன்றே ஜாடிக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இதற்கு உதவாது. பையை அலமாரியில் வைத்த மறுநாள் அலமாரியே மணக்கிறதா? அந்த மணம் இலையிலிருந்து போனதுதான். ஈரமும் அதே வழியில் மெல்லப் போய்க்கொண்டிருக்கும். ரப்பர் வளையம் உள்ள மூடி போட்ட கண்ணாடி ஜாடியே சரி. ஆனால் வேறு எதையோ வைத்திருந்த பழைய ஜாடியை எடுத்தால் கவனம் தேவை. கண்ணாடியைக் கழுவினால் வாசனை போய்விடும். ரப்பரில் தங்கியது லேசில் போகாது. ஒரு பெரிய ஜாடிக்குப் பதில் இரண்டு மூன்று சின்ன ஜாடிகளில் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளிருக்கும் காற்று மாறுகிறது. பெரிய ஜாடியின் அடியில் ஒரு பிடி புகையிலை கிடந்தால் சீக்கிரமே காய்ந்துவிடும்.

இதெல்லாம் காய்ந்து போவதைப் பற்றியது. காய்ந்த இலையை மீட்டுவிடலாம். மீட்கவே முடியாத கேடு, காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் நாமே செய்வது.

ஆப்பிள் துண்டு போட்டு வைக்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். உருளைக்கிழங்குத் தோல் போடுபவர்களும் உண்டு. பழத்துண்டு எவ்வளவு ஈரம் விடும் என்பது நம் கையில் இல்லை. போதாததற்கு அது தானும் அழுகும். நானும் அப்படி ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, எடுக்க மறந்துபோனேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் துண்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. ஜாடி முழுவதையும் கொட்டினேன். பூசணம் பிடித்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் புகைக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அது மற்ற இலைகளிலும் பரவியிருக்கும். பழைய ஃபிளேக் (அழுத்தித் தகடாக வெட்டிய) புகையிலையின் மேல் சில சமயம் பளபளக்கும் பொடிப் படிகங்கள் தெரியும். அது வேறு, கெடுதல் இல்லை. பஞ்சு மாதிரி இருந்து, புழுங்கிய வாடையும் அடித்தால் அதுதான் பூசணம்.

சுருட்டுப் பெட்டியில் வைப்பதும் இதே வகைத் தவறுதான். சுருட்டுக்காக அந்தப் பெட்டியில் 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வைப்பார்கள். பைப் புகையிலைக்கு 60-65 போதும். 70-ஐத் தாண்டினால் பூசணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது போல. தவிர, பெட்டியின் மர வாசனை இலையில் ஏறிவிடும்.

ஃபிரிட்ஜும் வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த இலையில் நீர் கோத்துக்கொள்ளும். வெயில் படும் ஜன்னலோரம் ஜாடி இருந்தால் இலை வெளுக்கும். மூடிய அலமாரியே போதும், அதுவும் குழந்தைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் எட்டாத உயரத்தில். இலையை விழுங்கினால் நிக்கோட்டின் விஷமாகும்.

அப்புறம், லடாக்கியா கலந்த புகையிலைக்குத் தனி ஜாடி கட்டாயம். விறகுப் புகையில் பதப்படுத்திய இலை அது. வெண்ணிலா, செர்ரி வாசனை ஏற்றிய கலவையோடு ஒரே ஜாடியில் வைத்தால் இரண்டு மணமும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

சரி, காய்ந்தே விட்டது, என்ன செய்வது? நேராகத் தண்ணீர் தெளித்தால் ஓரிடம் நனைந்து ஓரிடம் காய்ந்தே கிடக்கும். இலையை அகலக் கிண்ணத்தில் பரப்பி, நனைத்து நன்றாகப் பிழிந்த துணியைக் கிண்ணத்தின் வாய்க்கு மேல் இழுத்துக் கட்டுங்கள். துணி இலையில் படக்கூடாது. மணிக்கொரு முறை கிளறி, ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினால் இன்னும் ஈரம் வேண்டும். அழுத்திய உருண்டை அப்படியே ஒட்டி நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. துணியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். விரலை எடுத்ததும் மெல்ல விரிந்தால் அதுதான் பதம். ஜாடியில் அடைத்து ஒரு நாள் விட்டால், ஈரம் எல்லா இலைக்கும் சமமாகப் பரவியிருக்கும்.