மங்கோலியர் போலக் கட்டை விரலால் நாண் இழுப்பது எப்படி?

மங்கோலியர் என்றதும் பேச்சு எரிந்த நகரங்கள் பக்கம் போய்விடும். என்னிடம் வில் பழக வருபவர்களிடம் நான் முதலில் நீட்டச் சொல்வது கட்டை விரலைத்தான். செங்கிஸ் கானின் படை விட்டுப்போனதில் இன்றும் நம் உடம்பு கற்றுக்கொள்ளக்கூடியது அந்த விரலின் வேலை. இதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனர், துருக்கியர் எல்லாருக்கும் தெரிந்த இழுப்பு இது. 1260-இல் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரைத் தோற்கடித்த, எகிப்தை ஆண்ட மம்லூக்குகளும் இப்படித்தான் எய்தார்கள்.

முதலில் வில். அந்தக் கால வில்லில் நடுவே மரம், எய்பவரைப் பார்க்கும் பக்கம் கொம்பு, மறுபக்கம் விலங்கின் தசைநார். எல்லாவற்றையும் பசை பிடித்து வைத்திருக்கும். ஈரம் பட்டால் பசை இளகும். தொடங்குபவருக்கு இந்தத் தலைவலி வேண்டாம். ஃபைபர் கிளாஸ் வைத்த குட்டை வில், 20 அல்லது 25 பவுண்டு இழுவிசை போதும். பழைய வீரர்கள் இழுத்த எடையைக் கேள்விப்பட்டு, எடுத்த எடுப்பிலேயே கனமான வில் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். முதலில் போவது தோள்பட்டை.

அம்பில் கஞ்சத்தனம் கூடாது. இந்த இழுப்பில் நாண் முகவாயைத் தாண்டிக் காது வரை வரும். வழக்கமான 28 அங்குல இழுப்புக்கு வெட்டிய அம்பு இங்கே குட்டை. அதன் முனை வில்லுக்கு உள்ளே வந்துவிட்டால் உங்கள் கையிலேயே பாயும். வில்லும் அவ்வளவு தூரம் வளையக்கூடியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் இறகு வேண்டாம், பறவை இறகே நல்லது. அது கையை உரசிக்கொண்டு போகும் என்பதால் வில் பிடிக்கும் கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாண் அறுக்காமல் இருக்கக் கட்டை விரலில் போடும் வளையம். கொம்பு, எலும்பு, பச்சைக்கல், தோல் என்று பலவற்றில் செய்வார்கள். நான் போடுவது கொம்பு. துளை நீள்வட்டமாக இருக்க வேண்டும்: பக்கவாட்டில் நுழைத்து, அப்புறம் திருப்பினால் கணுவில் பிடித்துக்கொள்ளும். கையை உதறினால் கழன்றால் பெரிது. விரல் நீலமானால் சிறிது.

இனி இழுப்பு. வலக்கைக்காரர் அம்பை வில்லின் வலப்பக்கம், இடக்கைக் கட்டை விரல்மேல் வைக்க வேண்டும். மூன்று விரல் இழுப்பில் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் வைப்பார்கள், அம்பு விழும். கட்டை விரலை நாணில் கொக்கியாக மடக்கி, ஆள்காட்டி விரலை அதன் நகத்தின்மேல் பூட்டுங்கள். மற்ற மூன்று விரல்களும் மடங்கிச் சும்மா இருக்கட்டும். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அம்பை லேசாக வில்பக்கம் தள்ளும். ஓடும் குதிரை குலுக்கினாலும் அம்பு நழுவாததன் காரணம் இதுதான். குட்டை வில்லை முழுக்க இழுக்கும்போது நாண் கூர்மையாக மடங்கும். அங்கே மூன்று விரல் இருந்தால் நசுங்கும், ஒரு விரலுக்கு இடம் தாராளம்.

விடும்போது இரண்டு விரலும் ஒன்றாகத் திறக்க, கை பின்னால் போகட்டும். விரலை விரித்து வீசாதீர்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில் உடையும்.

உதிரி நாண் ஒன்று பையில் இருக்கட்டும். 1245-இல் போப்பின் தூதராகப் புறப்பட்ட கார்ப்பினி, மங்கோலிய வீரரிடம் இரண்டு மூன்று வில்லும் மூன்று அம்பறாத்தூணியும், அம்புமுனை தீட்ட அரமும் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். நமக்கு ஒரு நாணாவது வேண்டாமா?

தூரத்துக்கு அவசரப்படாதீர்கள். செங்கிஸ் கானின் தம்பி மகன் யெசுங்கே 335 பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) தூரம் எய்தார் என்று ஒரு கல்வெட்டு உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 500 மீட்டருக்கும் மேல். ஆனால் அது தூரத்துக்காகவே எய்தது, போர்க்களக் கணக்கு வேறு. மங்கோலியாவின் இன்றைய நாதாம் விளையாட்டு விழாவில் ஆண்கள் 75 மீட்டரிலிருந்தும் பெண்கள் 65 மீட்டரிலிருந்தும், தரையில் அடுக்கிய சிறு தோல் உருளைகளைக் குறிவைக்கிறார்கள். இலக்கின் அருகே நிற்கும் நடுவர்கள் கையைத் தூக்கி ‘ஊக்காய்’ என்று பாடுவார்கள்.

நீங்கள் 10 மீட்டரில் தொடங்குங்கள். இலக்கை அவர்களைப் போலத் தரையிலேயே வைக்கலாம், பின்னால் மண்மேடு இருந்தால். அம்பு பொறுக்கப் போகுமுன் எல்லாரும் வில்லைக் கீழே வைத்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாதாம் நடுவர்களின் துணிச்சல் நமக்கு வேண்டாம்.