ஜாம்பி கதைக்கு ஒன்லைன் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஜாம்பி கதைக்கு ஒன்லைன், அதாவது முழுக் கதையையும் ஒரே வரியில் சொல்லும் சுருக்கம், கையில் இருக்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஜாம்பி வருவதற்கு முந்தின நாள் உங்கள் ஆள் என்ன செய்துகொண்டிருந்தான்? பெரும்பாலும் பதில் வராது. ஆய்வகத்திலிருந்து கிருமி எப்படிக் கசிந்தது என்று அரை மணி நேரம் சொல்வார்கள். ஆளைப் பற்றிக் கேட்டால் "போலீஸ்காரர் சார்" என்பதோடு முடிந்துவிடும்.

முதல் சறுக்கல் அதுதான். போலீஸ், டாக்டர் என்பதெல்லாம் அவர் கையில் துப்பாக்கியோ ஊசியோ எப்படி வந்தது என்பதற்குத்தான் விளக்கம். அவர் யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறார், எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார் என்பது அதில் வராது.

2016-இல் யோன் சாங்-ஹோ இயக்கிய கொரியப் படம் 'ட்ரெயின் டு பூசான்'. ஓடும் ரயிலில் ஜாம்பி என்றுதான் பலருக்கும் அது நினைவிருக்கும். ஆரம்பத்தில் வரும் ஒரு சின்னக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். நாயகன் சியோலில் ஃபண்டு மேனேஜர், மனைவியைப் பிரிந்து இருப்பவன். மகளின் பிறந்தநாளுக்கு வீடியோ கேம் ஒன்று வாங்கி வருகிறான். அவள் பிரித்துப் பார்க்கிறாள், முகம் மலரவில்லை. டிவி பக்கத்தில் அதே கேம் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைகள் தினத்துக்கு அவனே வாங்கிக் கொடுத்ததுதான், மறந்துவிட்டான். அவளுக்கு வேண்டியது பூசானில் இருக்கும் அம்மா. அந்த வீட்டுப் பக்கம் ஜாம்பியின் நிழல்கூட இன்னும் விழவில்லை, ஆனால் கதை காலூன்றிவிட்டது.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தப் படம் சொல்கிறது. எப்போது என்பதுதான் முக்கியம். பாதிப் பயணம் தாண்டியபிறகு, தன் நிறுவனம் தூக்கி நிறுத்திய ஒரு கம்பெனியில்தான் கசிவு நடந்தது என்று போனில் தெரிந்துகொண்டு அவன் உடைகிறான். அந்தத் தகவல் அவனுக்கு வலிக்கிற நேரத்தில் வந்து சேர்கிறது. நம் ஸ்கிரிப்ட்களில் அதுதான் முதல் பக்கத்திலேயே செலவாகிவிடுகிறது.

அடுத்தது, சோகத்தையே குணம் என்று நம்பிவிடுவது. இறந்துபோன மனைவி, மங்கலான ஃபிளாஷ்பேக், ஒரு போட்டோ. பார்ப்பவருக்கு இரக்கம் வரும், அதற்கு மேல் கதை நகராது. இறந்தவர் எழுந்துவந்து எதையும் கேட்கப்போவதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர், இவன் தப்பால் கெட்டுப்போன ஒன்றை, இன்றைக்கே சரிசெய் என்று கேட்க வேண்டும்.

விதிகளிலும் இதே கோளாறு உண்டு. கடித்தால் எத்தனை நொடியில் மாறுவான், இருட்டில் கண் தெரியுமா என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள், ஆனால் எந்த விதியும் நாயகனைத் தொடாது. 2017-இல் வந்த ஆஸ்திரேலியப் படம் 'கார்கோ'வில் கடிபட்டவர் மாற ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். கடிபட்டிருப்பவன் ஒரு கைக்குழந்தையின் அப்பா. தான் மாறுவதற்குள் பிள்ளையை யார் கையிலாவது ஒப்படைத்தாக வேண்டும். விதியே ஒன்லைன் ஆகிவிட்டது.

சரி, உங்கள் ஒன்லைனை எப்படிச் சோதிப்பது? ஒரு கதையை எடுத்துக்கொள்வோம்: சொத்துப் பிரித்தபோது ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி. கிணறு தம்பி பக்கம், மாடிப்படி அண்ணன் பக்கம். பத்து வருடமாகப் பேச்சு இல்லை. ஜாம்பியை எடுத்துவிட்டாலும் இங்கே ஒரு கதை மிஞ்சுகிறது. ஜாம்பியைத் திரும்பக் கொண்டுவந்தால், தாகம் ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமுமாக அந்தச் சுவரை யாராவது இடித்தே ஆக வேண்டும். இரண்டும் நடந்தால் மேலே எழுதலாம்.

துணைப் பாத்திரங்களைச் சாவதற்கென்றே எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு, அதை விட்டுவிடுகிறேன். கடைசியாக, "நான் மாறிட்டேன்" என்று நாயகனைப் பேசவைப்பது. (பூசான் படம் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன்.) மாற்றத்தை வசனம் இல்லாமலே காட்டலாம். அந்தப் படத்தில் பள்ளி விழாவில் மகள் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். அப்பாவுக்காகப் பழகிய பாட்டு, அப்பா வரவில்லை. கடைசியில் அப்பா போய்விட்டபிறகு, இருண்ட சுரங்கப்பாதையில் நடந்துகொண்டே அதே பாட்டைப் பாடுகிறாள். அந்தப் பக்கம் சுடத் தயாராக இருக்கும் சிப்பாயின் காதில் அது விழுகிறது. ஜாம்பி பாடாது.