பின்பால்: பழைய மிஷினா, புதியதா?
ஏற்காட்டு விடுதியில் மழைக்கு ஒதுங்கும்போது விளையாட்டு அறையில் பின்பால் மிஷின் (கண்ணாடிக்குக் கீழே சாய்வான மேசையில் எஃகுப் பந்தை அடித்து ஸ்கோர் சேர்க்கும் விளையாட்டு) கண்ணில் பட்டால், முதலில் ஸ்கோர் பலகையைப் பாருங்கள். எண்கள் சுழலும் உருளையில் இருந்தால் அது பெரும்பாலும் 1970களிலோ அதற்கு முன்போ வந்தது. அதன் மேசையின் சரிவு சுமார் 3.5 டிகிரிதான், பந்து நிதானமாக வரும். உள்ளங்கையால் மிஷினைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டிப் பந்தின் திசையை மாற்றலாம். பலமாக இடித்தால், அதைக் கண்டுபிடிக்க உள்ளே தொங்கும் குண்டு தன்னைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுவிடும். அந்தப் பந்து போச்சு!

திரை வைத்த புதிய மிஷினில் சரிவு 6.5 டிகிரி. 80 கிராம் எஃகுப் பந்து சர்ரென்று பாயும். பதறி இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தாதீர்கள். ஒரு ஃபிளிப்பரை (பட்டனை அழுத்தினால் எழும்பிப் பந்தை அடிக்கும் சிறு மட்டை) மட்டும் தூக்கிப் பிடித்துப் பந்தை அதன் மடியில் நிறுத்துங்கள். அப்புறம் பட்டனை விட்டு, பந்து நுனிக்கு உருளும்போது அடியுங்கள்.

எனக்குப் பிடித்தது பழையதுதான். அதிலுள்ள நிஜ மணியின் 'டிங்' ஓசை ஸ்பீக்கரில் வராது.